தையல் கூடத்துப் பாட்டு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் எழுத்துகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இலக்கியம் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் தொழில் பற்றி ஒன்று கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்துக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் எங்கள் தையல் கூடம் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. பள்ளிச் சீருடையும் நைட்டியும் தைக்கிறோம். இருபத்திரண்டு பெண்கள், ஒரு கட்டிங் மாஸ்டர், கணக்கு பார்க்க என் அக்கா. கூலி பீஸ் கணக்கில். அப்பா காலத்தில் ஜன்னல் திண்டில் ஒரு ரேடியோ இருந்தது. திருநெல்வேலி நிலையம் ஓடும். சில நாள் சாயங்காலத்தில் இலங்கை எடுக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து போய்த் திருகுவார்கள். அது பழுதாகிப் பல வருடம் ஆகிவிட்டது.

நான் பொறுப்புக்கு வந்த பிறகு, கூடம் களையிழந்து கிடக்கிறதே என்று இந்தச் சித்திரையில் நான்கு ஸ்பீக்கர் வாங்கி நான்கு மூலையிலும் மாட்டினேன். என் கைபேசியிலிருந்தே பாட்டு ஓடும். திருப்பூரில் இருக்கும் நண்பன் ஒருவன், "வேகமான பாட்டாகப் போடு, கை தானாக வேகம் எடுக்கும், மூளையும் கூர்மையாகும், விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள்" என்றான். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை குத்துப் பாட்டுதான். முதல் வாரம் பீஸ் நன்றாகவே கூடியது. அந்தச் சந்தோஷத்தில் ஆளுக்கு இத்தனை என்ற நாள் கணக்கையும் கொஞ்சம் ஏற்றினேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொல்லை ஆரம்பித்தது. கட்டிங் மாஸ்டர் 28 அளவுச் சட்டைக்கு 26 அளவு அட்டையை வைத்து ஓர் அடுக்குத் துணியை முழுவதும் வெட்டிவிட்டார். பாட்டு மண்டைக்குள் ஏறிவிட்டது என்கிறார். அக்கா கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். துணி ஓரத்தைப் பிசிறு வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் இருக்கும் ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர், வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் வண்டு இரைகிறது என்கிறார். இரண்டு இளம் பெண்கள் நான் போடும் பாட்டுப் பிடிக்காமல் காதில் இயர்போன் மாட்டிக்கொள்கிறார்கள். பீஸும் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

வேலை செய்யும் இடத்தில் பாட்டு நல்லதா, கெட்டதா? அடியோடு நிறுத்திவிடவா? இயர்போனைத் தடை செய்யவா? உங்கள் அபிப்பிராயம் அறிய ஆவல்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள தம்பி,

இதில் பொறுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? இருபத்திரண்டு பெண்கள் காலை முதல் மாலை வரை எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உட்கார்ந்து எழுதத் தகுந்த விஷயம்தான்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்பா காலத்து ரேடியோவை யார் வேண்டுமானாலும் எழுந்து போய்த் திருகுவார்கள் என்று. இன்றைய பாட்டு உங்கள் கைபேசியிலிருந்து வருகிறது. கூட்ட வேண்டுமானாலும் குறைக்க வேண்டுமானாலும் உங்களிடம் வந்து நிற்க வேண்டும். கூலி கொடுப்பவரிடம் போய் "பாட்டைக் குறையுங்கள்" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? நீங்கள் அடுக்கியிருக்கும் தொல்லைகளில் பாதி இங்கிருந்து வந்தவை என்று நினைக்கிறேன். மீதிப் பாதி, கூடத்தில் நடக்கும் எல்லா வேலையையும் ஒரே வேலையாக எண்ணியதால் வந்தவை.

முதலில் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். மூளை கூர்மையாகும் என்ற பேச்சுக்கு மூலம் 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட் என்ற மேல்நாட்டு இசைமேதையின் இசையைக் கேட்டுவிட்டு, தாளை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற புதிர்களைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. பின்னால் செய்து பார்த்தவர்கள் பலருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. மனம் உற்சாகமாக இருந்தால் எதையும் சற்று நன்றாகச் செய்வோம், அதில் இருந்தது அவ்வளவுதான் என்பதே பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். இதை நம்பி ஸ்பீக்கர் வாங்க வேண்டியதில்லை.

வேகமான பாட்டுக்குக் கை வேகமெடுக்கும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஓடுவது, சைக்கிள் மிதிப்பது என்று ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் இடத்தில் தாளம் உடம்பை இழுத்துக்கொண்டு போகும். தையல் அப்படிப்பட்ட வேலையா? நைட்டியின் பக்கத் தையல் நேராக ஓடும், சரி. சட்டைக் காலர் திரும்பும் இடத்தில் மிதியை விட வேண்டும், ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்த வேண்டும், துணியை அழுத்தும் ஃபுட்டை உயர்த்தித் துணியைத் திருப்பி மறுபடி இறக்க வேண்டும். கைக்குழியில் சட்டைக் கையை ஏற்றும்போது மேல் துணியையும் கீழ்த் துணியையும் விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட வேண்டும். நடுவில் பாபினில் சுற்றிய அடிநூல் தீர்ந்துபோகும். இந்த வேலைக்குள் ஒரே தாளம் எங்கே இருக்கிறது? பாட்டு விரட்டும்போது கால் மிதியை அமுக்கிவிடும், விரல் பின்தங்கிவிடும். நூல் அறும், ஊசி முறியும், சில நேரம் ஊசி விரலிலேயே ஏறும். பிரித்துத் தைக்க வேண்டிய பீஸ் இந்த மாதங்களில் கூடியதா என்று அக்காவின் நோட்டில் பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

முதல் வாரம் பீஸ் கூடியது பொய்யில்லை. ஆனால் எதனால் கூடியது? 1924 முதல் 1932 வரை சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற பெரிய தொழிற்சாலையில் பல சோதனைகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று பார்க்கப் புகுந்தவர்கள், குறைத்தபோதும் கூடியதைக் கண்டு குழம்பினார்கள். அந்தச் சோதனைகள் நடந்த விதம் பற்றிப் பின்னாளில் கடுமையான கேள்விகள் எழுந்தன. அவற்றை வேதவாக்காகக் கொள்ள முடியாது. என்றாலும், புதிதாக எதைச் செய்தாலும் கொஞ்ச நாள் வேலை கூடும் என்ற எச்சரிக்கைக்கு அவை போதும். நமக்கென்று முதலாளி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறாரே என்று அந்தப் பெண்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கும். நீங்கள் அதைக் குத்துப் பாட்டின் கணக்கில் எழுதிக்கொண்டு, அவர்கள் நாள் கணக்கையும் ஏற்றிவிட்டீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாட்டால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1937-ல் பிரிட்டனில் ஒயட், லாங்டன் என்ற இருவர், ஒரே வேலையை நாள் முழுவதும் செய்பவர்களின் களைப்பையும் சலிப்பையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். பாட்டு வைத்தால் சலிப்பு குறைகிறது, வேலையும் ஓரளவு கூடுகிறது என்று அதில் கண்டார்கள். பிறகு போர் வந்தது. 1940 ஜூன் 23 முதல் பிபிசி, தொழிற்சாலைகளுக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. வெடிமருந்தும் விமான உறுப்புகளும் செய்யும் கூடங்களில் ஒலிபெருக்கி வழியே அது ஓடியது. காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி. சலிப்பு ஏறும் நேரம் பார்த்து அவ்வளவுதான் கொடுத்தார்கள். மெட்டு தெரிந்த மெட்டாக இருக்க வேண்டும், ஒலி திடீரென்று ஏறி இறங்கக் கூடாது என்றெல்லாம் விதி வைத்திருந்தார்கள். நடுவில் கைதட்ட வேண்டிய ஒரு பிரபலமான பாட்டை, தொழிலாளர்கள் கையிலிருக்கும் ஸ்பேனரால் மிஷினில் தட்டுகிறார்கள் என்று விலக்கியே வைத்தார்கள். 1967 வரை அந்த நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்காவில் 1934-ல் தொடங்கிய மியூசாக் என்ற நிறுவனம், தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இசையைக் கம்பி வழியே விற்றது. கால் மணி நேரம் இசை, அடுத்த கால் மணி நேரம் அமைதி என்பது அவர்கள் கண்ட முறை. இசையை விற்றுப் பிழைத்தவர்களே பாதி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், தம்பி. நீங்கள் ஒன்பது மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள். அப்படி ஓடும் பாட்டு கொஞ்ச நேரத்தில் பாட்டாக இருப்பதை விட்டுவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ போட்ட கூரையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மியூசாக் செய்த இன்னொரு காரியமும் உண்டு. அந்தக் கால் மணிக்குள் இசையின் விறுவிறுப்பு படிப்படியாக ஏறும்படி அமைத்தார்கள். கேட்பவருக்குத் தெரியாமலே கையை முடுக்குவது நோக்கம். அதைப் படித்தபோது எனக்கு, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலைதான் நினைவுக்கு வந்தது.

நம் ஊரில் வேலையும் பாட்டும் நேற்றுச் சேர்ந்தவை அல்ல. ஏர் பூட்டுபவர்களின் ஏர்மங்கலமும், போரடிக்கும் களத்தின் முகவைப் பாட்டும், உலக்கை போடுபவர்களின் வள்ளைப் பாட்டும் சிலப்பதிகாரத்திலேயே வந்துவிடுகின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு போகத்துக்கும் நடவு என்றால் பாட்டும் குலவையும் இல்லாமல் இருக்காது. மேட்டுக்காட்டுக் கிணறுகளில் கமலை. கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துவிட்டதால் சொல்கிறேன். மாடுகள் பின்னோக்கி நடந்து கிணற்றுப் பக்கம் வந்தால் சால் என்ற பெரிய வாளி தண்ணீருக்குள் இறங்கும். முன்னோக்கிச் சரிவில் இறங்கினால் நிறைந்த சால் மேலே வந்து கவிழும். இறைப்பவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். பாட்டு அந்த நடைக்கு ஏற்றாற்போல் வரும். வெயில் ஏறி மாடு தளர்ந்தால் பாட்டும் இழுத்துக்கொள்ளும். அவர் தண்ணீர் குடிக்க இறங்கினால் பாட்டும் நின்றுவிடும். ஏற்றம் இறைத்த இடங்களில் எத்தனை சால் ஆயிற்று என்ற எண்ணிக்கையே பாட்டுக்குள் இருந்தது. வேலையை அளந்ததும் வேலை செய்தவரின் குரல்தான். உடம்பு முன்னால் போனது, பாட்டு அதன் பின்னால் வந்தது. ஒலிபெருக்கி இதைத் தலைகீழாக்கிவிட்டது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். பாடியதால் நடவுப் பெண்களின் இடுப்பு வலி போய்விடவில்லை, கூலியும் கூடிவிடவில்லை. ஆனால் பாட்டை எப்போது எடுப்பது, எப்போது விடுவது, அதற்குள் பண்ணையாரை எவ்வளவு கிண்டல் செய்வது என்பதெல்லாம் அவர்கள் முடிவு செய்ததாக இருந்தது.

இனி உங்கள் கட்டிங் மாஸ்டர். என் பெரியம்மை முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். மடியில் சுளகு இருக்கும். அதில் ஒரு பக்கம் ஈரத்துணியில் பொதிந்த, அளவாக வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். இலையை இடது கை விரல்களில் விரித்து, தூளைக் கிள்ளி வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போடுகிறவரை அவர் கண் சுளகில் இருக்காது. தெருவில் போகிறவர்களைப் பார்ப்பார், பேத்தியை அதட்டுவார், ரேடியோவில் வரும் பாட்டின் அடுத்த அடியை முந்திக்கொண்டு பாடுவார். பாட்டு இல்லாத நாளில் சீக்கிரமே கழுத்து வலிக்கிறது என்பார். சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோகுமுன் இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டு கட்ட உட்கார்ந்தால் மட்டும், "ஏட்டி, அதைக் குறைத்து வை" என்று குரல் வந்துவிடும். ஒரு கட்டில் ஒன்று குறைந்தால் கடையில் நாலு பேர் முன்னால் பேச்சுக் கேட்க வேண்டும். சுற்றும்போது துணையாக இருந்த பாட்டு, எண்ணும்போது எதிரியாகிவிடும்.

ஆய்வகங்களில் கண்டதும் இதைத்தான். ஓர் எண்ணையோ வரிசையையோ மனதில் வைத்திருக்கும்போது உள்ளுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். வெளியிலிருந்து வேறு வார்த்தை வந்தால் உள்ளே இருக்கும் குரல் இடறுகிறது. 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இருவர், கேட்பவர்களுக்குப் புரியாத ஜெர்மன் மொழி வாசிப்பை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் எழுத்துகளை வரிசையாக நினைவில் வைப்பது கெட்டது. ஆகவே தமிழ்ப் பாட்டுக்குப் பதில் இந்திப் பாட்டு போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1989-ல் சலாமே, பேட்லி இருவரும் வாய்ப்பாட்டையும் வாத்திய இசையையும் ஒப்பிட்டார்கள். வாய்ப்பாட்டுதான் கூடுதலாகக் கெடுத்தது.

உங்கள் மாஸ்டர் 26, 28, 30 என்று அளவுகளை மனதில் வைத்து, அட்டையை எடுத்து, சாக்கட்டியால் வரைந்து, ஓர் அடுக்குத் துணியில் கத்தியை இறக்குகிறார். அவர் தவறினால் ஒரு பீஸோடு போகாது, அடுக்கு முழுவதும் போகும். அவர் பாட்டைக் குறை சொன்னபோது சாக்கு சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். கட்டிங் மேஜைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரை இன்றே கழற்றுங்கள். அக்கா கணக்கு பார்க்கும் பக்கம் இருப்பதையும்தான். முடிந்தால் அந்த இரண்டு மேஜைகளையும் கூடத்திலிருந்து தடுத்துவிடுங்கள். உருப்படி எண்ணிக் கட்டும் நேரத்தில் கூடம் முழுவதுமே அமைதியாக இருக்கட்டும்.

அப்படியானால் வாத்திய இசையை நாள் முழுவதும் போடலாமா என்று கேட்பீர்கள். மெல்லிய புல்லாங்குழலோ வீணையோ கொஞ்ச நேரம் போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் கூடத்துக்கு மிக அருகில் இருக்கிறது காருகுறிச்சி. அந்த மண்ணில் பிறந்த அருணாசலத்தின் நாகஸ்வரத்தை மட்டும் தையலுக்குப் பின்னணியாக ஓடவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1964-ல் நாற்பத்து மூன்று வயதுகூட ஆகாமல் மறைந்துவிட்டார். அவர் ராகம் வாசித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் மிஷின்களை நிறுத்திவிட்டு, தேநீர் கொடுத்து, எல்லோரும் உட்கார்ந்து அரை மணி நேரம் கேளுங்கள். உற்பத்திக்கு அதனால் என்ன பலன் என்று கணக்குப் பார்க்காமல் கேளுங்கள்.

யார் தேர்ந்த பாட்டு என்பதற்கு வருகிறேன். 1994-ல் அமெரிக்காவில் ஆலன், பிளாஸ்கோவிச் என்பவர்கள் 50 அறுவை சிகிச்சை நிபுணர்களை வைத்துச் சோதித்தார்கள். அறுவை மேஜையில் வைத்தல்ல, ஆய்வகத்தில் மனக்கணக்காகக் கழித்தல் கொடுத்து. தாங்களே தேர்ந்த இசை ஓடியபோது அவர்கள் பதற்றம் குறைந்தது, கணக்கும் விரைவாகவும் சரியாகவும் வந்தது. ஆய்வாளர் தேர்ந்த இசை ஓடியபோது அந்த அளவுக்கு வரவில்லை. இசையே இல்லாதபோது இன்னும் குறைந்தது. அந்த ஐம்பது பேரும் வழக்கமாகவே இசை கேட்டுக்கொண்டு வேலை செய்பவர்கள், அவர்களில் அநேகர் தேர்ந்ததும் செவ்வியல் இசை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று அதை நீட்ட முடியாது. 2005-ல் கனடாவில் தெரசா லெசியுக் மென்பொருள் எழுதுபவர்களை அவர்கள் வேலையிடத்திலேயே சில வாரங்கள் கவனித்தார். எப்போது கேட்பது, எதைக் கேட்பது என்பதை அவர்களிடமே விட்டிருந்தார். பாட்டை நிறுத்திய வாரத்தில் மனநிலையும் வேலையின் தரமும் இறங்கின. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இரண்டு இடத்திலும் இசை உதவியது, கேட்பவர் கையில் அது இருந்தபோது.

உங்கள் கூடத்தில் இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு விருப்பம் இருக்கும். அதனால் அவர்களிடமே விடுங்கள். பாட்டுக்கென்று ஒரு பழைய கைபேசியைக் கொடுத்து, அப்பாவின் ரேடியோ இருந்த அதே ஜன்னல் திண்டில் வையுங்கள். காலையில் சலிப்பு தொடங்கும் பதினொரு மணியை ஒட்டி அரை மணி, சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கும் நேரத்தில் அரை மணி, வேண்டுமென்றால் கடைசியில் கொஞ்சம். எதைப் போடுவது என்பதை முறைவைத்துத் தேர்ந்துகொள்ளட்டும். பக்திப் பாட்டு, பழைய பாட்டு, வில்லுப்பாட்டு, நீங்கள் போட்ட குத்துப் பாட்டுகூட வரும். இன்றைக்குப் பாட்டே வேண்டாம் என்று முறைக்காரர் சொன்னால் அதுவும் நடக்க வேண்டும். சண்டை வரும், வரட்டும். மூத்தவர்கள் இரண்டு பேர் அதைப் பேசித் தீர்த்துவிடுவார்கள். நீங்கள் நடுவில் போக வேண்டாம்.

காதுக்குள் வண்டு இரைகிறது என்று சொன்ன அந்த அம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நீங்கள் அதை மற்றத் தொல்லைகளோடு ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். அது தொல்லை அல்ல, அறிகுறி. இரைச்சலில் நாள் முழுவதும் இருந்த காது அப்படித்தான் முதலில் சொல்லும். இரைச்சலால் உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. கைபேசியிலும் இயர்போனிலும் பாட்டுக் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை, சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 80 என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. உங்கள் பெண்கள் வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்தை ஒட்டி அங்கே இருக்கிறார்கள். மிஷின் சத்தம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டுக் கேட்க வேண்டுமானால் அதற்கு மேலே ஏற்ற வேண்டும். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கே சத்தம் 85 டெசிபலை எட்டியிருக்கும் என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் பாட்டு வைப்பதே தவறு. முதலில் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டு, அடியில் ரப்பர் கொடுத்து, இரைச்சலைக் குறைக்க வேண்டும். அந்த அம்மாவை இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் காது பார்க்க அனுப்புங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.

இயர்போன் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஓடும் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் காதை அடைத்துக்கொள்ளக் கூடாது. ஊசி வளைந்தாலும் பெல்ட் நழுவினாலும் மிஷினின் சத்தம்தான் முதலில் மாறும். பழகிய தையல்காரர் அதைக் காதால் பிடிப்பார். ஓவர்லாக்கில் கத்தி வேறு இருக்கிறது. துணியும் பஞ்சுத் தூசியும் மின்கம்பியும் இருக்கும் கூடத்தில், "தீ" என்று ஒருவர் கத்தினால் எல்லோருக்கும் கேட்க வேண்டும். இதை அந்த இரண்டு பெண்களிடமும் காரணத்தோடு சொல்லுங்கள். உத்தரவாகச் சொன்னால் முக்காட்டுக்குள் மறைத்து மாட்டிக்கொள்வார்கள். பிசிறு வெட்டுவது, பட்டன் கட்டுவது போன்ற கைவேலைக்கு மாறி உட்காரும் நேரத்தில் ஒரு காதில் மட்டும் மெதுவாக வைத்துக்கொண்டால் நான் தடுக்கமாட்டேன். அவர்களுக்கும் முறை வந்து, அவர்கள் பாட்டும் கூடத்தில் ஓடத் தொடங்கினால் இயர்போனின் தேவையே பாதி குறைந்துவிடும்.

கடைசியாக நாள் கணக்கு. முதல் வாரச் சந்தோஷத்தில் ஏற்றியதை இன்னும் இறக்கவில்லை என்று நினைக்கிறேன். இறக்கியதாக நீங்கள் எழுதவில்லை. பீஸ் கூலிதானே, கூடுதலாகத் தைத்தால் அவர்களுக்கும் காசுதானே என்று தோன்றும். கூடுதலாகத் தைக்க முடிந்தவர் தைத்துக் கூடுதலாக வாங்கட்டும், அது நல்லது. அதையே எல்லோருக்கும் குறைந்தபட்சமாக வைக்கும்போது, தளர்ந்த நாளிலும் அந்த எண்ணிக்கையை எட்ட வேண்டும் என்றாகிவிடுகிறது. பாட்டு அவர்களைச் சந்தோஷப்படுத்த வந்ததா, விரட்ட வந்ததா என்று அவர்கள் அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பார்கள். அதன்பின் நீங்கள் எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த எண்ணம் போகாது. பழைய கணக்குக்கே இறக்குங்கள். இறக்கியதை நீங்களே கூடத்தில் நின்று சொல்லுங்கள், அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ஜன்னல் திண்டில் அந்தக் கைபேசியை வைப்பது அதற்கு மறுநாள் இருக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியது போல் தோன்றும்.

பள்ளிச் சீருடை வேலை முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். முறைவைத்துப் போட்டதில் எந்தப் பாட்டு அதிகம் வந்தது, எத்தனை நாள் பாட்டு வேண்டாம் என்றார்கள், பிரித்துத் தைத்த பீஸ் எத்தனை என்று அக்காவின் நோட்டிலிருந்து எடுத்து எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். அந்த அம்மாவின் காதுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் அதற்கு முன்பே தெரிவியுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி